தரை தெரியாத நீச்சல்குளம்

தொண்ணூறுகளில் ஒருநாள், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். ஒருவர் மில் முதலாளி பங்களாவில் காவல் பார்ப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவர் கண்மாயில் மீன் பிடிப்பவர், மடியில் வலை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள தரை தெரியணும் அண்ணாச்சி. இல்லன்னா நீச்சல்குளத்த மண்ணடிச்சு மூடிருவாராம் மொதலாளி. அவரு மக லீவுல நீந்தணும்னு காயிதம் போட்டிருக்கு. நான் மூட விடமாட்டேன்.”

“படிகாரம் போட்டியாலே?”

“மூணு தடவ கரைச்சு ஊத்திட்டேன். மோட்டார நிறுத்தியும் பாத்துட்டேன். தெளிய மாட்டேங்கு. இப்பவும் படிகாரம் வாங்கத்தான் போறேன்.”

“உள்ள எதுவும் கெடக்கா?”

“ஒண்ணும் இல்ல. கெணத்துல விடுத மாதிரி, பாசியத் திங்கட்டும்னு கெண்டை விட்டிருக்கேன். நாப்பது இருக்கும்.”

வலைக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“கெண்டை சேத்தக் கெளறித்தான்லே எர தேடும். நீ படிய வைக்க வைக்க அது கலக்கிவிடும்.”

காவல்காரர் அவர் மடியில் இருந்த வலையைப் பார்த்தார். பிறகு எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கத்தினார்.

“எறங்குங்க அண்ணாச்சி, இன்னைக்குக் கண்மாய்க்குப் போக வேண்டாம். நாப்பது மீனும் ஒங்களுக்கு. எனக்குத் தரை தெரியணும்.”