நிறைகுடத்துக்குத் தேங்காய்

இரவு பதினொன்று. ஜேர்மனியில், ஹம் நகருக்கு வெளியே, அறுவடை முடிந்த சோள வயல்களுக்கு நடுவே போகும் தெரு. எதிரே ஒரு வெளிச்சமும் இல்லை... தம்பித்துரை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு தேங்காய்.

எங்கள் சிநேகிதி ரஞ்சினியின் சித்தப்பாதான் இந்தத் தம்பித்துரை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. விடிந்தால் புதுவீட்டில் குடிபூரல். நிறைகுடம் வைக்கவேண்டும். வீட்டிலிருந்த பித்தளைக் குடமோ ஒழுகியது. ஆகவே ஒரு பெரிய சாடியைத் துடைத்து எடுத்தார்கள். நகரசபை அள்ளிப்போகட்டும் என்று யாரோ தெருவோரம் போட்டிருந்த பழைய தளவாடங்களுக்குள் அவர் கண்டெடுத்தது.

செம்மண் நிறத்தில் கறுப்புப் படங்கள். குதிரைவால் முளைத்த ஒருவன் இரட்டைக் குழல் ஊதுகிறான். தலைவிரித்த பெண்கள் ஆடுகிறார்கள். அவர்களில் இருவர் ஒரு ஆட்டுக்குட்டியை ஆளுக்கொரு காலில் பிடித்து இழுக்கிறார்கள்.

“அத்தான், இது கிரேக்கச் சாடி,” என்றான் மனைவியின் தம்பி ரவிச்சந்திரன். “வைன் தெய்வத்தின்ர கூத்து. வெறி ஏறினால் பொம்பிளையள் வெறுங்கையாலை கிழிப்பினமாம்.”

“தேங்காயை மறந்திட்டு வந்த உன்னைத்தான் முதல் கிழிக்கோணும்,” என்றாள் அவனுடைய அக்கா சுந்தரேஸ்வரி.

பலகாரம் சுட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சாடியில் தண்ணீர் நிறைத்து மாவிலை செருகினாள். புளித்த வைன் மணந்தது... கழுவியிருக்கலாம் என்று தம்பித்துரை நினைத்தார். கடைக்காரரை எழுப்பித் தேங்காய் வாங்கப் புறப்பட்டார். ரவிச்சந்திரன் கூட வர எழுந்தான்.

“நீ நில்லடாப்பா. பொம்பிளையளுக்குத் துணை வேணும்.”

அவர்தான் அப்படிச் சொன்னார்.

திரும்பி வந்து காரை நிறுத்தியபோது உள்ளே குழலோசை. ஒரே மூச்சில் இரண்டு சுரம். பிறகு ஈரச் சேலையைக் கிழிப்பது போல ஒரு சத்தம்... பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

கதவு திறந்துகிடந்தது. கருகிய எண்ணெய் மணம், அதற்குள் வைன், அதற்குள் இரத்தம். சுவரெல்லாம் கை அடையாளங்கள். பெண்கள் தலைவிரித்தபடி நிலத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். முழங்கை வரை சிவப்பு. ஒருத்தியின் மடியில் ரவிச்சந்திரனின் கை. கைக்கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சுந்தரேஸ்வரி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏன் வீணா அலைஞ்சனீங்கள்? தேங்காய் கிடைச்சிட்டுது.”

நிறைகுடத்தின்மேல், மாவிலைகளுக்கு நடுவே, அவளுடைய தம்பியின் தலை. முடியைக் குடுமிபோலத் திரட்டிப் பிடித்து, அதை மெல்லத் திருப்பினாள்.

“கிழக்கை பார்க்கவேணும் எல்லோ?”

தம்பித்துரையின் கையிலிருந்து தேங்காய் நழுவியது. குத்துவிளக்கடிக்கு உருண்டது. அவர் சாடியைப் பார்த்தார். படத்தில் அந்த இரண்டு பெண்களின் கைகளும் வெறுமையாக இருந்தன...

விளக்கடியில் ஒரு கறுத்த ஆட்டுக்குட்டி நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தேங்காயை முகர்ந்து பார்த்தது. பிறகு, கீழே விழுந்துகிடந்த மாவிலையை மெல்லத் தொடங்கியது.