ஆடாதொடைப் பொட்டலம்

யுத்த காலம் அது. மைசூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த நாட்டு மருந்துக் கடையில் சுக்கு வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், பாதி தீர்ந்த ஆடாதொடைப் பொட்டலம் ஒன்றைப் பலகைமேல் வைத்தார். பேச்சில் கொள்ளேகால வாடை அடித்தது.

“செட்டியாரே, இதைத் திருப்பி எடுத்துக்குங்க.”

கொடுத்த சரக்கைத் திருப்பி வாங்கும் ஆள் இல்லை அந்தச் செட்டியார். “ஏன், மருந்து கேக்கலையா?” என்றார் வெடுக்கென்று.

“நல்லாக் கேட்டுதுங்க. பீடி நெனப்பு வந்தா, நீங்க சொன்னாப்பல அதிமதுரத்தைக் கடிச்சுக்கிட்டேன். பீடியும் விட்டுப்போச்சு, இருமலும் நின்னுபோச்சு.”

“அப்புறம் என்ன வேணும் உமக்கு?”

“பையனைப் பட்டாளத்துக்கு அனுப்புனதிலிருந்து ஊட்டுக்காரி எங்கூடப் பேசறதில்லீங்க. ஆனா ராத்திரி நான் இருமுனா எந்திரிச்சு வருவா. மொளகு தட்டிப்போட்ட சுடுதண்ணி குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிப்பா. இப்ப அதும் இல்லீங்க.”

செட்டியார் தராசைக் கீழே வைத்தார்.

“சும்மாவாச்சும் ஒருக்கா இருமிப் பாக்கறதுதானே?” என்றார் செட்டியார், குரலைத் தாழ்த்தி.

“பாத்தேனுங்க. அவ திரும்பிக்கூடப் படுக்கலை. என் இருமல்ல எது நெசம், எது பொய்னு அவளுக்குத் தெரியுமுங்க.”