ஏழாம் நாள் வளையம்

அண்ணியின் எண். காலையிலிருந்து நான்காவது முறை. அடிக்கட்டும். பறவைச் சங்கத்தின் கடிதம் நேற்றே போய்ச் சேர்ந்திருக்கும். அண்ணன் அதைப் படித்திருப்பான். படித்துவிட்டு அண்ணியிடம் நீட்டியிருப்பான். சங்கடமான காரியங்களை அவன் எப்போதும் அவள் கையில்தான் கொடுப்பான். கடையில் யாரும் இல்லை. துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவசரமே இல்லை. அது எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது, கொஞ்சம் இனிப்பாகவும்.

ஹலோ… ஆமா அண்ணி, நான்தான்… கடையிலதான் இருக்கேன், சொல்லுங்க… ம்… ம்… கடிதமா? அண்ணாவுக்கா?… பறவைச் சங்கத்துலேர்ந்தா… மெதுவா அண்ணி, மெதுவா. அழுதுக்கிட்டே பேசினா எனக்கு ஒண்ணும் புரியல. முதல்ல தண்ணி குடிங்க… குடிச்சீங்களா? ம். இப்போ சொல்லுங்க.

கோப்பையைத் திருப்பிக் கேக்கறாங்களா?… அடடா… கோப்பை வாங்கினது எனக்கு எப்படித் தெரியுமா? பேப்பர்ல போட்டோ வந்துதே அண்ணி. அண்ணா, கோப்பை, கூண்டு. பின்னாடி நீங்க, வாயெல்லாம் பல்லா… ம்… ம்… சங்கத்துக்கு யாரு எழுதிப் போட்டாங்கன்னா கேக்கறீங்க? நான்தான்.

ஹலோ?… அண்ணி? லைன்ல இருக்கீங்களா?… ஆமா, நான்தான் எழுதினேன். பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு, என் மெம்பர் நம்பரும் போட்டுத்தான் எழுதினேன். மொட்டைக் கடுதாசி எழுதற பழக்கம் எனக்கு இல்ல.

ஒரு லவ் பேர்ட்ஸுக்காகவா?… பட்ஜினு சொல்லுங்க அண்ணி, அதான் அந்தக் கிளிக்குப் பேரு. கோப்பை வாங்கின வீடு, இன்னும் லவ் பேர்ட்ஸ்னா நல்லாவா இருக்கு.

ஒரு நிமிஷம்… வாங்க சார். படிக்கறதுக்கா, தூரத்துக்கா?… அந்தக் கறுப்பு ஃப்ரேமைப் போட்டுப் பாருங்க. கண்ணாடி இந்தப் பக்கம்… ம், சொல்லுங்க அண்ணி.

போட்டோவுல எப்படி அடையாளம் தெரிஞ்சுதுன்னா… கண்ணு மேல இறகு இறங்கி முறைக்குமே அவன். மாமனார்னுதானே நான் கூப்பிடுவேன்? நான் உங்க மாடி ரூம்ல இருந்தப்ப மூணாவது கூண்டுல பொரிச்சவன். குஞ்சுலயே அந்த முறைப்பு… ஆனா முறைப்பைச் சொன்னா சங்கத்துல நம்புவாங்களா? அதான் கால் வளையத்துல இருக்கற மெம்பர் நம்பரைப் பாருங்கன்னு எழுதினேன்.

ஆமா… என் நம்பர்தான்… ஏன், அண்ணாவுக்கு அது தெரியாதா? குஞ்சுக்கு ஏழாம் நாள் போடணும் அண்ணி. அதோட கால்ல மூணு விரலைச் சேர்த்து வளையத்துக்குள்ள விட்டு, பின்னாடி குட்டி விரலைத் தீக்குச்சி முனையால மெல்ல வெளிய எடுக்கணும். அதுக்கு மேல ரெண்டு நாள் போனா காலு பெருத்துடும். போடவும் முடியாது, கழட்டவும் முடியாது… அறுக்கலாம், ஏன் முடியாது? அறுத்தா, தானே பொரிக்க வச்சு வளர்த்த பறவைக்குன்னு இருக்கற சொந்த வளர்ப்புப் பிரிவுல சேர்க்கமாட்டாங்க, அதுலதானே அண்ணா ஜெயிச்சாரு. வளையத்தை விட்டும் வைக்கணும், நம்பர் யார் கண்ணுலயும் படவும் கூடாதுன்னா எப்படி?

ம்… ம்… இன்னிக்கு மத்தியானம் சங்கச் செயலாளர் எனக்குப் போன் பண்ணுவாரா. சரி… நான் என்ன சொல்லணும்?… வளையம் மட்டும்தான் என் பேர்ல வாங்கினது… ம்… ஜோடி சேர்த்தது, வளர்த்தது எல்லாம் அண்ணா… நான் கூட இருந்து கூண்டு கழுவிக் குடுத்தேன்… சரி… சரி… இல்ல அண்ணி, சரின்னா நீங்க சொன்னது காதுல விழுந்துதுன்னு அர்த்தம்.

பாப்பாவை இதுல இழுக்காதீங்க.

அண்ணி, வேண்டாம்… யாரு? நானா இழுக்கறேன்? பாப்பாவுக்கு மூச்சிரைப்பு, இறகுத் தூசி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு எங்கிட்ட வந்து சொன்னது யாரு?… உங்களுக்கு ஞாபகம் இருக்காது. குளிச்சுத் துணி மாத்திட்டுத்தான் அவளைத் தூக்கணும்னீங்க. ஒரு நாளைக்கு மூணு தரம் குளிச்சேன். குளிச்சுட்டு வந்து நின்னா அத்தை, அத்தைன்னு கையை நீட்டும். அப்பவும் உங்க முகத்தைப் பார்த்துட்டுத் தூக்காம விடுவேன்.

பதினொரு கூண்டு அண்ணி. நானே கழுவி, நானே துணி போர்த்தி வேன்ல ஏத்தினேன். அண்ணாவோட ஃப்ரெண்டு தோட்டத்துல நல்லா இருக்கும்னீங்க. தோட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு குடோன். அண்ணா தினம் சாயங்காலம் சுகருக்கு நடக்கப் போறேன்னு கிளம்புவாரே… நல்ல நடை. சுகர் இறங்குச்சோ என்னவோ, கோப்பை ஏறிச்சு.

டாக்டரா?… அவரு இங்கயே வந்தாரு அண்ணி, போன வருஷம். கண்ணாடிக் காம்பு கழண்டு போச்சுன்னு. நானாத்தான் கேட்டேன், பாப்பா மூச்சிரைப்பு இப்போ எப்படி இருக்கு டாக்டர்னு. ‘அந்தக் குழந்தைக்கு ஏதும்மா மூச்சிரைப்பு? சளிதானே’ன்னாரு. சொல்லிட்டு, திருகாணியை இறுக்கமாப் போடுங்கன்னாரு. போட்டேன்.

அண்ணி ஏதோ சொல்ல வருகிறாள். அவளுக்கு வார்த்தை தடுமாறும்போது எனக்குள் ஏதோ ஒன்று சப்புக்கொட்டிக்கொண்டு கேட்கிறது. அது இத்தனை நாள் எங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை. அதை விரட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. விரட்டவில்லை.

அப்பவே ஏன் வந்து கேக்கலைன்னா… கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அழுதிருப்பீங்க. நான் உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்திருப்பேன்… இன்னும் கேளுங்க. போன வருஷம் ஒரு சின்னப் போட்டியில அண்ணாவுக்கு மூணாம் பரிசு குடுத்தாங்களே, நான் அங்க இருந்தேன். கடைசி வரிசையில. மாமனாரையும் பார்த்தேன், வளையத்தையும் பார்த்தேன். பேசாம எழுந்து வந்துட்டேன்… எதுக்கா? இன்னும் நாலு படி ஏறட்டும்னுதான். முதல் படியிலேர்ந்து தள்ளினா அடி படாதே.

…ம். கேவலமாத்தான் இருக்கு. இல்லைங்கல.

சார், அது உங்க முகத்துக்குப் பெருசு. மூக்குல வழுக்குது பாருங்க… இந்தப் பழுப்பைப் போடுங்க… ஆங், இது உக்காருது… இருக்கேன் அண்ணி… அண்ணாகிட்டயா? குடுங்க.

சொல்லுண்ணா… ம்… சாப்பிட்டேன். நீ?… ஏன் சாப்பிடல?… ம்… ம்… இப்போ குடோன்லதான் இருக்கீங்களா ரெண்டு பேரும்… எத்தனை ஜோடி இருக்கு?… ஒம்பதா. நல்லாத்தான் பெருக்கியிருக்கே.

எல்லாத்தையுமா?… மாமனாரையுமா?… செயலாளர் கேக்கறப்ப, வளர்த்தது நீதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, சாயங்காலமே வேன்ல… என் ரூமுக்கே கொண்டுவந்து இறக்கிடுவியா… இடம் இருக்குண்ணா. ஜன்னல் பக்கம் ஒரு சுவரே காலியாத்தான் இருக்கு. வீட்டுக்கார அம்மாவும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. கேட்டு வச்சிருக்கேன்… ம்.

என்ன பண்றே? போனை எங்க கொண்டு போறே… வேண்டாண்ணா. குஞ்சு இருக்கற பெட்டிகிட்டக் கொண்டு போகாதே… அண்ணா…

ஈர விரலால் கண்ணாடியைத் தேய்ப்பது போல ஒரு சன்னமான சத்தம். ஒன்றின் மேல் ஒன்றாக. தாய் பெட்டிக்குள் நுழைந்ததும் குஞ்சுகள் எழுப்பும் சத்தம். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு மறு காதைப் பொத்திக்கொள்கிறேன். கறுப்பு ஃப்ரேமும் பழுப்பு ஃப்ரேமும் கையில் வைத்திருக்கும் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

…இருக்கேன். கேட்டுது… ஆறு நாள் குஞ்சு. மூணு… நாலா? ஒண்ணு சத்தம் போடலையே, அதைத் தனியாப் பாரு. தீனிப்பை காலியா இருக்கும்… ஆமா, நாளைக்கு வளையம் போடணும்… உனக்குக் கை நடுங்குதா… நானே வந்து போடணுமா. என் நம்பர்லயேவா…

ஆசையா இருக்குண்ணா. இல்லைன்னு எப்படிச் சொல்றது? ரொம்ப ஆசையா இருக்கு.

இல்லண்ணா. அப்படிச் சொல்லமாட்டேன்.

கோவமா? அதெல்லாம் இல்ல. சத்தமாக்கூடப் பேசலையே நான்… ம்… அந்தக் குஞ்சுங்களுக்கு என் நம்பர் வேண்டாம். அதுங்க நீ ஜோடி சேர்த்துப் பொரிச்சது, உன் வளையத்தைப் போடு. விரலை இழுக்காதே, கால்ல கொஞ்சம் எண்ணெய் தடவிக்கோ… இல்ல, நான் வரமாட்டேன்… வேனும் அனுப்ப வேண்டாம்.

என்ன?… பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தா மட்டும் போதும்… ம்… செயலாளர் கூப்பிட்டா எடுக்காம விட்டுடணும். அவ்வளவுதானா.

எடுப்பேன் அண்ணா.

…எடுப்பேன். கடையில ஆள் நிக்கறாங்க, வைக்கறேன்.