தோன்யா ப்ருதென்சியாவின் ஒன்பதாம் ஜெபம்

எட்டு நாட்களாகத் தொண்டை வறள ஜெபம் நடத்தி, இன்று இந்த அவைக்கும் தலைமை ஏற்றிருக்கும் தோன்யா பெத்ரோனா அவர்களே! தன் பள்ளிக்கூடத்தை நமக்கு வீடாகத் திறந்துவிட்டு, பிள்ளைகளை மாமரத்தடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியை அவர்களே! மண்டல அலுவலகத்திலிருந்து மலர்வளையத்தோடு வந்திருக்கும் அதிகாரி எஸ்கோத்தோ அவர்களே! லா கரேத்தா கிராமத்தின் அறுபத்து மூன்று குடும்பங்களைச் சேர்ந்த என் சொந்தங்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

மலர்வளையம் அழகாக இருக்கிறது, அதிகாரி அவர்களே. குறை சொல்ல மாட்டேன். இதே சுறுசுறுப்போடு மண் அள்ளும் இயந்திரம் ஒன்றும் வந்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

துக்கக் கூட்டத்தில் இப்படியா பேசுவது என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். நம் வெள்ள எச்சரிக்கைக் குழுவின் தலைவி, தோன்யா ப்ருதென்சியா மெஹியா அவர்களுக்கு அழுது வழியும் பேச்சு பிடிக்காது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. சர்க்கரை ஏறி, கால் புண் புரையோடி, எழுந்து உட்காரக்கூட முடியாத அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா?

"ஏய் தெயோ, மூக்கைச் சிந்தாத. ஆத்துக்கரை உடைப்ப அடைச்சாங்களான்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

போய்ப் பார்த்தேன். அடைக்கவில்லை. திரும்பி வந்து சொல்வதற்கு அவர் இல்லை.

போன நவம்பரில் உலுவா ஆறு கரையை உடைத்துக்கொண்டு நம் கிராமத்துக்குள் புகுந்தது. அந்த உடைப்பின் அகலம் நாற்பது தப்படி. நானே நடந்து அளந்தேன். பதினோரு மாதமாக அது அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இதோ அக்டோபர் மழை தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் இந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆபத்துக் காலம் முடிந்துவிட்டதாம்! முகாமைக் காலி செய்துவிட்டு, உடைப்புக்கு நேர் கீழே இருக்கும் நம் வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டுமாம்! யாருக்கு முடிந்தது ஆபத்து? அறிவிப்பு எழுதியவருக்கா, ஆற்றுக்குக் கீழே படுக்கப் போகிறவருக்கா?

உடைப்பை எப்போது அடைப்பீர்கள் என்று தோன்யா ப்ருதென்சியா பதினேழு முறை மண்டல அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். காலில் கட்டோடு போனார். பேருந்து இல்லாத நாளில் வாழைத்தார் லாரியில் போனார். பதினேழு முறையும் "அடுத்த வாரம்" என்ற பதிலோடு திரும்பினார்.

சொந்தங்களே, இந்த உடைப்புக்குப் பல வருஷம் முன்னால் வந்த முதல் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மீட்பு லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கி, ஆட்களுக்கு மட்டும்தான் இடம், ஆடு மாடு கோழிக்கு இல்லை என்றார். சட்டம் அப்படி. நம் தொன் காசியானோ என்ன செய்தார்? தன் கிழட்டுப் பெண் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்க போங்க, நாங்க ரெண்டு பேரும் மெதுவா வர்றோம்" என்றார். மூன்றாம் நாள் வேலிக் கம்பியில் சிக்கிப் பிணமாகக் கிடந்த அவரைத் தோன்யா ப்ருதென்சியாதான் கண்டெடுத்தார். கையில் குதிரையின் கயிறு அப்படியே இருந்தது.

நம்மை முட்டாள்கள் என்றார்கள். உயிரைவிடக் குதிரை பெரிதா என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஐயா, நீர் வடிந்த பிறகு அந்தக் குதிரை இல்லாமல் அவர் எதை வைத்துப் பிழைப்பார்? கோழியும் பன்றியும்தான் எங்களுக்கு நாளைய சோறு. அதை விட்டுவிட்டு ஏறு என்றால் கால் எப்படி வரும்?

அடுத்த வெள்ளத்தில் லாரி வந்தபோது, தோன்யா ப்ருதென்சியா அதன் முன்னால் போய் நின்றார். அவர் பின்னால் கூடை கூடையாகக் கோழிகள்! மீட்புக்கு வந்த அலுவலர் எகிறினார்.

"அம்மா, இது ஆளுங்கள ஏத்துற வண்டி. கோழிக்கெல்லாம் இடமில்ல."

"கோழி ஏறுனாத்தான் இந்தப் பொம்பள ஏறுவா. பொம்பள ஏறுனாத்தான் அவ புருஷன் ஏறுவான். எத்தன பேரக் காப்பாத்துனோம்னு நீங்க மேலிடத்துக்கு எழுதணுமா வேணாமா? எழுதணும்ல? அப்பக் கூடையப் பிடிங்க!"

அலுவலர் கூடையைப் பிடித்தார்! சட்டைக் கையில் கோழி எச்சத்தோடு அவர் நின்ற கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலில் கோழிகள், பிறகு பன்றிகள், பிறகு தொலைக்காட்சிப் பெட்டிகள், அதற்குப் பிறகு நாம். அன்று லா கரேத்தாவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஒன்றுகூட இல்லை!

அவர் தவறே செய்யாதவரா? செய்தார். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வாக்கி டாக்கியில் வந்த நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு, உடைப்புக்கு முந்தின ஒரு செப்டம்பரில் எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினார். ஆறு வரவேயில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. அவசரத்தில் நான் விட்டுவிட்டு வந்த பன்றியை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான். அன்று அந்த அம்மாளை நான் திட்டிய திட்டை இங்கே சொன்னால் தோன்யா பெத்ரோனா என்னை அவையைவிட்டு வெளியேற்றிவிடுவார். தோன்யா ப்ருதென்சியா பதிலுக்கு ஒன்றுதான் சொன்னார். "திட்டுறதுக்கு நீ உசுரோட இருக்கியே, அது போதும் எனக்கு."

மூன்று மாதம் அவரிடம் நான் பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று வாழையிலையில் கட்டிய சோளமாவு உருண்டைகளோடு என் வாசலில் நின்றார். உள்ளே பன்றிக்கறி. நான் முறைத்துப் பார்த்தேன். "உன் பன்னி இல்லடா, சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். நான்கு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்த வாக்கி டாக்கியை என் கையில் கொடுத்து, "திட்டுனவனே இனிமே கேட்டுச் சொல்லட்டும்" என்றார். இன்றுவரை அது என்னிடம்தான் இருக்கிறது.

நிவாரணப் பை கொடுக்க வந்தவர்கள் படம் எடுப்பார்களே, அதையும் சொல்ல வேண்டும். பையைத் தூக்கிப் பிடித்துச் சிரியுங்கள் என்று ஒருவர் கேட்டார். "நான் சிரிச்சா உடைப்பு அடையுமா தம்பி? அடையும்னு சொல்லு, காது வரைக்கும் சிரிக்கிறேன்." அவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். தோன்யா ப்ருதென்சியா அரிசியை வாங்கிக்கொண்டார். அரிசியோடு அவருக்குச் சண்டை இல்லை.

அந்த அம்மாள் போய்விட்டார். எனக்கு வலிக்கிறது. வலியைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது. அதை மறைக்க நான் இங்கே நிற்கவில்லை.

அதிகாரி அவர்களே, அடக்கத்தன்று நீங்கள் தொப்பியைக் கழற்றி மரியாதையாக நின்றீர்கள். ஒன்பதாம் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை இங்கிருந்து யாரையும் அசைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தீர்கள். ஆசிரியை கேட்டதும் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள். நன்றி. இன்று ஒன்பதாம் நாள். நாளைக் காலை லாரிகள் வரும் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் நகரத்துக்காரர், மறந்திருக்கலாம். எங்கள் பக்கம் நாட்காட்டியைக் கிழிப்பதால் ஒன்பது முடிவதில்லை. ஒன்பதாம் ஜெபத்தைச் சொல்லி, ஜெப மேசையிலிருந்து படத்தை இறக்கி, மேசையைக் கலைத்து, போய்வா என்று விடை கொடுத்தால்தான் இறந்தவர் புறப்படுவார். அதுவரை அவர் எங்களோடுதான் இருக்கிறார்.

ஆகவே, லா கரேத்தா மக்கள் சார்பில் அறிவிக்கிறேன். நேற்றுச் சொன்னது எட்டாம் ஜெபம். இதோ இன்று சொல்லப் போவதும் எட்டாம் ஜெபம்! நாளைக்கும் எட்டாம் ஜெபம்! அந்த உடைப்பில் கடைசி மண் விழும் நாளில்தான் ஒன்பதாம் ஜெபம்!

கை தட்டாதீர்கள், பொறுங்கள். இது எளிதான முடிவு அல்ல. நேற்று தோன்யா பெத்ரோனாவிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். "பாவம்டா தெயோ! வாழ்நாள் பூரா உழைச்ச ஆத்மா. அவளப் போகவிடாம வாசல்ல நிக்க வைக்கிறதா?" எனக்கும் அதே பயம்தான். நம் வசதிக்காகச் செத்தவரின் இளைப்பாறுதலைப் பறிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால் இன்று காலையில் தோன்யா ப்ருதென்சியாவின் மகள் நொயெமியிடம் போனேன். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்ற முடிவோடுதான் போனேன்.

நொயெமி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெயோ மாமா, எல்லாரும் ஏறுறதுக்கு முன்னால எங்கம்மா என்னைக்காவது வண்டில ஏறியிருக்காங்களா? காத்திருப்பாங்க. நீங்க போய் ஜெபத்துக்கு ஆளக் கூப்பிடுங்க."

இதற்கு மேல் எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தோன்யா ப்ருதென்சியா மெஹியா அவர்களே! பதினெட்டாவது முறை உங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன். பத்தொன்பதாவது முறை இந்த அறுபத்து மூன்று குடும்பமும் வரும், கோழிக் கூடைகளோடு வரும். ஆறு ஏறினால் வாக்கி டாக்கியில் முதல் குரல் என்னுடையதாக இருக்கும். பொய்யாகிப்போனால் திட்டு வாங்கிக்கொள்வேன்.

அதிகாரி அவர்களே, இருந்து காபி குடித்துவிட்டுப் போங்கள். நாளையும் வாருங்கள், ஜெபம் இருக்கும்.

தோன்யா பெத்ரோனா, மெழுகுவத்தியை ஏற்றுங்கள். எட்டாம் ஜெபத்தைத் தொடங்குவோம்.