ஓகே அமுத்தச் சொன்னவர்

ஹலோ... ஆரு? வினோலியாவா? ... சபரிநாதன்தான் பேசறேன். ... ஆமா, உங்க திருமண மையத்துக்கு சாப்ட்வேர் போட்டுக் குடுத்த அதே சபரிநாதன்தான். சொல்லுங்க அம்மிணி. ... அழுவாம சொல்லுங்க. மூக்க உறிஞ்சற சத்தந்தான் இங்க கேக்குது.

ம்... ம்... மோகனூர்ப் பொண்ணு... சேந்தமங்கலத்து மாப்ள ஊட்டுக்காரங்க பத்துப் பேரு வண்டி புடிச்சுப் போயி... பஜ்ஜி தின்னதுக்கப்பறமாக் கேட்டாங்க, எந்தக் குலம், எந்தக் கூட்டம்னு? ... ரெண்டு பேருமே காடை கூட்டமா! அடக் கொடுமையே. ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சியல்லங்க அம்மிணி! ... மையத்துல பாத்துத்தான் குடுத்திருப்பாங்கன்னு ரெண்டு பக்கமும் கேக்காமயே உட்டுட்டாங்களா. செரித்தான். ... சிரிக்காம பொறவு என்ன பண்றது? தங்கச்சியவே பொண்ணு பாத்துட்டு வந்திருக்கறான்.

கண்ணுசாமியண்ணன் என்னங்கறாரு? ... ஓ. தப்புப் பண்ணுனது ஆருன்னு தெரிஞ்சா, இன்னையோட கணக்குத் தீத்துருவேங்கறாரா. அவரு செய்வாரு. மொதலாளின்னா அப்படித்தான். ... தெரியும், தெரியும். ரெண்டு வருசம் அலஞ்சு கெடச்ச வேல, சேலத்துலருந்து தெனமும் பஸ்ஸுல வாரீங்க, ஊட்டுக்காரரு படுத்துக் கெடக்கறாரு. எத்தன தடவ சொல்லுவீங்க? கம்ப்யூட்டரு முன்னால உக்காருங்க.

பொண்ணு ஃபார்மத் தெறங்க. அதுக்குள்ள, கீழ, மாப்ள ஃபார்ம் இருக்குதா? ... ரெண்டு கூட்டமும் ஒண்ணா இருந்தா செவப்பா எழுத்து வரோணும். வருதா? ... வர்ல. வேற என்ன வருது? ... சின்னதா ஒரு பொட்டி வந்து என்னமோ கேக்குது. நீங்க? ... ஓகேவ அமுத்தீட்டுப் போயிர்றீங்க. ஏனுங்க, ஒருத்தரு கேள்வி கேட்டா பதில் சொல்லோணும்னு தோணாதா? பள்ளிக்கோடம் போனவங்கதான?

... நானா? நான் எப்பங்க சொன்னேன், ஓகே அமுத்துங்கன்னு? ... தீவாளி முடிஞ்சு ரெண்டு தடவ போன் பண்ணிக் கேட்டீங்களா... இருக்கும், இருக்கும். தெனமும் நூறு பேரு கூப்புடறாங்க. மொதல்ல வேலயப் பாருங்க.

டிசைன்ல தெறங்க, ஃபார்ம மாத்தற எடம். மாப்ள ஃபார்மோட ஓரத்துல ஒரே ஒரு கிளிக்கு. ... ஒண்ணுன்னா ஒண்ணு! ரெண்டு வெச்சா உள்ள போயிரும். வெளிய வந்து மறுக்கா அமுத்துங்க. ... அமுத்தியாச்சா? ... இப்ப எஃப் ஃபோர். நேம்னு ஒரு எடம் இருக்குதா? படிங்க. ... என்னது? ... சைல்டு பன்னெண்டா?

...

இருங்க, தீவாளிக்கு நான் எழுதுனதப் பாத்துக்கறேன். ... பக்கத்துல ஆருங்க? ... அண்ணன் உள் ரூம்லயா? ஸ்பீக்கர்ல கீது போட்டிருக்கீங்களா? ... செரி.

ஆமா அம்மிணி, என்னோட தப்புதான். மாப்ள ஃபார்ம் மொதல்ல தனியா இருந்துச்சு, பேரச் சொல்லிக் கூப்புட்டா வந்துச்சு. தீவாளிக்கு அதத் தூக்கிப் பொண்ணு ஃபார்முக்குள்ள வெச்சேன். உள்ள வெச்சதுக்கப்பறம் வெளிய நின்னு கூப்புட்டா வராது. பொண்ணு ஃபார்ம் வழியாப் போயி, அது இருக்கற சட்டத்தோட பேரு, அந்த சைல்டு பன்னெண்டு, அதச் சொல்லி எடுக்கோணும். நான் பழைய பேரயே உட்டுட்டேன். ... செரி, கண்டுபுடிச்சுட்டீங்க, பெரிய ஆளுதான். செவப்பு எழுத்து வர்ற எடத்துல பழைய பேர அழிச்சுட்டு இத எழுதிக்கங்க.

ஃபார்ம்ஸ், ஆச்சரியக்குறி, பொண்ணு. மறுக்கா ஆச்சரியக்குறி, சைல்டு பன்னெண்டு. புள்ளி ஃபார்ம். ஆச்சரியக்குறி, கூட்டம். ... அடிச்சாச்சா? உங்க பேர்லதான உள்ள போயிருக்கீங்க? ... நல்லது. சேவ் குடுங்க. ... இப்ப மோகனூர்ப் பொண்ணத் தெறந்து பாருங்க. ... வந்துருச்சா? செவப்பா? கெட்டிக்காரிங்க நீங்க. ... நன்றியெல்லாம் எதுக்கு. அண்ணங்கிட்ட நானே சொல்லிர்றேன், பயப்படாதீங்க. போனக் குடுங்க.

வணக்கங்ணா. ... ஆமாங்ணா, கேட்டேன். அசிங்கந்தானுங்ணா. ... சாப்ட்வேர்ல ஒண்ணுமில்லீங்ணா. ஆரோ டிசைன்ல கை வெச்சிருக்கறாங்க. நீங்களே பாருங்ணா, அந்த ஃபார்ம் கடைசியா மாத்துன நேரம் காட்டும். ... இன்னைக்கா? அஞ்சு நிமிசம் முன்னயா? ஆரு பேர்லங்ணா தெறந்திருக்குது? ... நான் அந்தப் பேரச் சொல்லலீங்ணா, நீங்கதான் சொல்றீங்க. ... இருக்கலாம். மாட்டிக்குவமோன்னு அவசரமா ஒட்டப் பாத்திருக்கும்.

... கூட்டம் பேரெல்லாம் கடகடன்னு சொல்லுமா? சொல்லுங்ணா. மனப்பாடம் ஆருக்கும் வரும். ஆனா அது கோயிலுக்கு ஞாயித்துக்கெழம போற புள்ள. ஒரே கூட்டத்துல பொண்ணெடுத்தா நமக்கு எப்படி இருக்கும்னு அதுக்கு எங்க ஒறைக்கப் போவுது? ... பாவந்தாங்ணா. நான் ஒண்ணும் சொல்லல, உங்க இஷ்டம். ... வேற ஆளா? எங்க அத்த பொண்ணு தனப்பிரியா சும்மாதான் இருக்குது. நாளைக்கே வரச் சொல்றனுங்ணா. ... போன அதுகிட்டக் குடுங்க, ஒரு வார்த்த சொல்லிர்றேன்.

... வினோலியாவா? ... ஆமா, சொன்னேன். ... மெதுவாப் பேசுங்க, சனம் பாக்குது. ... எம்பேச்ச நம்பித்தான் சேவ் பண்ணுனீங்க, இல்லீங்கலயே. ... சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க. போன்ல பேசுனதுக்கு என்ன சாட்சி இருக்குது? ... இன்னும் முப்பது மையத்துல இதே சாப்ட்வேர் ஓடுது அம்மிணி. தப்பு என்னுதுன்னு ஒருத்தரு வாயத் தெறந்தா முப்பதும் போச்சு. உங்களுக்குப் போறது ஒரு வேலதான.

... வேற எங்கயாச்சும் கேட்டா? எந்நம்பரத் தாராளமாக் குடுங்க. நல்லாத்தான் சொல்லுவேன். நல்ல புள்ள, எது சொன்னாலும் எதுத்துக் கேக்காம செய்யும்னு. ... வெச்சர்றனுங்க.