இடாப்பில் இருந்த பிள்ளை

ஹலோ... ஹலோ! மட்டக்களப்பு சுவாமிமார் வீடோ?... ஓம், ஓம், திருகோணமலையில இருந்துதான். எங்கட பள்ளிக்கூட மனேச்சர் சுவாமியோட அவசரமாக் கதைக்கவேணும்... ஞானஒடுக்கத்தில இருக்கிறார் எண்டு தெரியும். செபத்தில நிண்டாலும் கூப்பிடுங்கோ. இன்பமலர் ரீச்சர், பள்ளிக்கூட விசயம் எண்டு சொல்லுங்கோ...

முதலாளி, குறை நினையாதேங்கோ. கூப்பன் அரிசிக்கு வந்த சனத்தைக் கொஞ்சம் மெல்லக் கதைக்கச் சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை...

ஆ... சுவாமி! தோத்திரம் சுவாமி... ஓம், காலமை ரயிலில வந்து இறங்கினனான். வீட்டுக்கு இன்னும் போகேல்லை. றஹ்மான் முதலாளியின்ர கூப்பன் கடையில நிண்டு கதைக்கிறன்... ஓம், ஆசிரியர் மாநாடு முடிஞ்சுது. யாழ்ப்பாணத்தில நல்ல சனம்... இல்லை சுவாமி. நல்லா நடக்கேல்லை... அங்க வாசிக்கச் சொல்லி நீங்கள் தந்த கட்டுரையை நான் வாசிக்கேல்லை.

...இல்லை, வாசிக்க விட்டவை. மேடையிலயும் ஏறினனான், கடுதாசியும் கையில இருந்தது... பொறுங்கோ சுவாமி, நடந்ததைச் சொல்லி முடிக்கிறன், பிறகு ஏசுங்கோ.

அங்க பிள்ளையளின்ர கைவேலைக் கண்காட்சி வைச்சவை எல்லோ? வெறுங்கையோட போகாதை, ஏதாவது கொண்டுபோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்... ஓம், சொன்னனீங்கள். இப்ப வாற பதினேழு பிள்ளையளில ஆர் சுவாமி தைக்கிறது? ஊசி பிடிக்கத் தெரிஞ்ச பொம்பிளைப் பிள்ளையள் எல்லாம் குண்டுக்குப் பயந்து மூதூருக்கும் குச்சவெளிக்கும் ஓடிட்டுதுகள். அலுமாரியில ஒரு மேசைத்துணி கிடந்தது. ஓரம் முழுக்க நீல நூலால மீன் தைச்சது. அதைக் கொண்டுபோனன். அதுக்கு முதல் பரிசு சுவாமி...

சந்தோசப்படாதேங்கோ. அது ஐவி தைச்சது... எந்த ஐவியோ? மைக்கலின்ர மகள் ஐவி, ஏப்ரல் குண்டில செத்த பிள்ளை! நீங்கள்தானே அடக்கம் செய்தனீங்கள்!

...ஓம். பேர்த்துண்டு குத்தினதும் நான்தான். வரவு இடாப்பைப் பாத்து எழுதினனான், ஐவி மைக்கல், நாலாம் வகுப்பு எண்டு. இடாப்பில அவள் இருக்கிறாள் எல்லோ, கை தன்பாட்டில எழுதிப்போட்டுது.

பிறகு கல்விக் கந்தோர்ப் பெரியவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். குண்டு விழுந்த ஊரில நூற்றி நாப்பத்தி மூண்டு பிள்ளையளில ஒண்டும் குறையாமல் நடக்கிற பள்ளிக்கூடம் எண்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டினது. இருக்கிறது பதினேழு எல்லோ சுவாமி. கட்டடத்தை நேவிக்காரர் எடுத்த பிறகு கோயிலுக்குப் பக்கத்தில ஓலைக்கொட்டிலுக்கை...

ஆர் அது?... ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ?... ஐயா, நான் கப்பலைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை! பள்ளிக்கூடப் பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறன்... யுத்தமெண்டா நேவி எண்டும் சொல்லக்கூடாதோ?... குண்டு எண்டும்?... அது விழுந்தது முழு ஊருக்கும் தெரியுமே ஐயா... சரி, சரி, இனிச் சொல்லேல்லை. மூண்டு நிமிசம் முடிஞ்சா இன்னொரு மூண்டு போடுங்கோ, வெட்டிப்போடாதேங்கோ...

சுவாமி, நிக்கிறீங்களோ?... ஓம். பரிசைத் தந்திட்டு அவர் சிரிச்சுக்கொண்டு கேட்டார், "கெட்டிக்காரப் பிள்ளை, இப்பவும் தைக்கிறாவோ?" எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?... பொய் வரேல்லை சுவாமி. நாலு மாசம் எழுதின பொய் வாயில வரேல்லை. "பிள்ளை செத்துப்போச்சு ஐயா" எண்டன்... ஓம், எல்லாருக்கும் முன்னால. மேடையில நிண்டு விக்கி விக்கி அழுதனான்.

...அதோட விட்டா நல்லதுதானே! பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்கை கிட்ட வந்தார். "எப்ப செத்தது?" எண்டார். ஏப்ரல் எண்டன். "பேரை எப்ப வெட்டினீங்கள்?" எண்டார். வெட்டேல்லை எண்டன். உடன கொப்பியில எழுதினார். திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வாறாராம். இடாப்பைப் பாக்க...

...தெரியும் சுவாமி. சனம் திரும்பி வரும், அதுவரைக்கும் பேரை வெட்டாதை, வெட்டினா பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்கள் எண்டு நீங்கள் சொன்னது நல்ல மனசோடதான். உங்களில மட்டும் பழி போடேல்லை. நாளுக்கு நாள் வந்ததெண்டு கோடு கீறினது என்ர கை. ஓடின பிள்ளையளுக்குக் கீறேக்கை, நாளைக்கு வந்திடுவினம் எண்டு என்னை நானே சமாளிச்சன். ஐவிக்கு என்ன சொல்லிச் சமாளிக்கிறது? யூலையில அவளுக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை சுவாமி.

என்ன?... புது இடாப்போ?... ஏப்ரலில விலகினதெண்டு எழுதவோ?... அவளை மட்டுமோ? மற்றவை அப்பிடியே இருக்கட்டுமோ?... ஞாயிறு பூசைக்கு முதல் எழுதி முடிக்கவோ?

...

ஏலாது சுவாமி.

...ஓம், கேக்குது. ஏலாது எண்டுதான் சொன்னனான்... ஆறு ரீச்சர்மாரின்ர சோறு எண்டு எனக்குத் தெரியாதோ? அதில ஒரு பிடி என்ர சோறு. கந்தோரில என்ர ரீச்சர் சேட்டிபிக்கற்றைப் பறிச்சா, நானும் அம்மாவும் என்ன செய்யிறது எண்டு இரவிரவா ரயிலில யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான்... கீழ்ப்படிவோ? ஓம், நூறு பிரசங்கம் கேட்டனான் சுவாமி... நீங்கள் கோவிச்சா எனக்குப் பயம்தான். எண்டாலும் எழுதமாட்டன்... கொஞ்சம் பொறுங்கோ...

என்ன முதலாளி?... ஆர்?... எங்க?... வரிசையில நாலாவதா நிக்கிறாவோ?...

சுவாமி... மைக்கலின்ர மனுசி வந்து நிக்கிறா. ஐவியின்ர தாய். அரிசிக்கு வந்தவ... இல்லை, எனக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்கு...

என்ன சொன்னீங்கள் முதலாளி?... எப்ப?... நாலாவது நாளோ?... தானாக் கொண்டுபோய்க் குடுத்தவவோ?

...

சுவாமி, கேக்கிறீங்களோ? றஹ்மான் முதலாளி சொல்லுறார். ஐவியின்ர கூப்பன் புத்தகத்தை அடக்கம் முடிஞ்ச நாலாவது நாளே கூப்பன் கந்தோரில திருப்பிக் குடுத்திட்டாவாம். வைச்சிரு, இன்னும் மூண்டு பிள்ளையள் இருக்குதுகள், ஆரும் கேக்கமாட்டினம் எண்டு இவரே சொன்னவராம். செத்த பிள்ளையின்ர பேரில அரிசி வாங்கி மற்றதுகளுக்குக் குடுக்க மனம் வராது எண்டிட்டாவாம்... ஓம். கையெழுத்து வைக்கத் தெரியாது அவவுக்கு. பெருவிரல் வைச்சுக் குடுத்தவவாம்.

...என்ன சுவாமி?... நீங்களும் வரட்டோ எண்டோ?

...ஓம்... ஓம்... திங்கக்கிழமை நீங்களும் வாங்கோ. நீங்கள் பக்கத்தில நிண்டா எனக்குத் தெம்பு. வரேலாட்டியும் பரவாயில்லை. இடாப்பு கிடக்கிற மாதிரியே மேசையில வைப்பன். கேட்டதுக்குப் பதில் சொல்லுவன்.

...பரிசோ? தகரத் தையல் பெட்டி, மூடியில அவளின்ர பேர் எழுதித் தந்தவை. ஊசி, நூல், ஒரு சின்னக் கத்தரிக்கோல். மேசைத்துணியும் அதுக்குள்ள மடிச்சு வைச்சிருக்கு. கடைசி மீனுக்குக் கண் இல்லை சுவாமி. உயிர்த்த பெருநாள் லீவு முடிய வந்து வைக்கிறன் எண்டிட்டுப் போனவள்...

ஐவியின்ர அம்மா, வாங்கோ... இல்லை, இல்லை, நீங்கள் வாங்கோ, அரிசியை முதலாளி எடுத்து வைப்பார்... ஓம், யாழ்ப்பாணத்தால இப்பதான் வந்தனான்... இந்தப் பெட்டியோ? இது...

சுவாமி, நான் வைக்கிறன். அவ பெட்டியில எழுதியிருக்கிற பேரை வாசிக்கச் சொல்லிக் கேக்கிறா.