வந்தவர்கள், வராதவர்கள்

— அறுபத்திமூணு பேர் இன்னும் வரலைன்னு உன் பெட்டி சொல்லுது, டீச்சரம்மா. அப்ப நான் காலையிலேருந்து படகுல ஏத்திட்டு வந்தது யாரை?

— பொறுங்க அத்தான். சட்டை சொட்டுது, கீபோர்டு மேல சாயாதீங்க. நாலு தெருக்காரங்க பேரும் ஒரு அர்ரேல, அதாவது ஒரு பட்டியல்ல இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவங்க பேரு இன்னொண்ணுல. வாசல்ல பேர் எழுதின நோட்டு, வைத்தியம் பார்க்கிற நர்ஸம்மா நோட்டு ரெண்டையும் சேர்த்துத்தான் தட்டியிருக்கோம். முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிக்க ரெடியா ஒரு ஃபங்ஷன் இருக்கு, டிஃப்னு. மிஞ்சுறவங்க இன்னும் வெள்ளத்துல மாட்டியிருக்காங்க.

— தச்சர் பேரும் மிஞ்சியிருக்கு. அவரு அந்தா, வராந்தால துணி பிழிஞ்சிட்டு நிக்கிறாரு.

— ம்... புரியுது. மதியத்துக்கு மேல வாசல் நோட்டைத் தட்டினவர் ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் ஒரு காலி இடம் விட்டிருக்கார். கம்ப்யூட்டருக்கு அது வேற ஆள். டிரிம்னு ஒண்ணு, ஓரத்துல இருக்கிற காலி இடத்தைச் சீவிடும். அதை மேப்னு இன்னொரு ஃபங்ஷன் கையில கொடுத்தா, ஒரு பேர் விடாம போய்ச் சீவிட்டு வரும்.

— நானூறு பேரையுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

— நீங்க கேட்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

— அடேங்கப்பா. இப்ப எத்தனை?

— ஒண்ணு.

— ஒரே ஆள்தானா? இருட்டுறதுக்குள்ள ஒரு நடை போய்த் தூக்கிட்டு வந்துடுறேன். எந்த வீடு?

— உங்க வீடு அத்தான். அக்கா பேரு.

— எதிர்வீட்டுக்காரங்களோட முன்னாடியே கிளம்பிட்டாள்னு சொன்னாங்களே. எட்டு மாசம் முடிஞ்சவ... நகரு, வழியை விடு.

— ஒரே நிமிஷம்.

— அங்க தண்ணி ஜன்னலைத் தொட்டாச்சு.

— இது ஒரு பக்கம்தான் பார்க்கும், அத்தான். பட்டியல்ல இருந்தும் வராதவங்களைச் சொல்லும். பட்டியல்ல இல்லாம வந்தவங்களைச் சொல்லாது. ரெண்டு பட்டியலையும் இடம் மாத்திக் கேட்கிறேன்.

— கேட்டா என்னதான் சொல்லும்?

— ரெண்டு பேர் கூடுதலா காட்டுது. ரெண்டும் நர்ஸம்மா நோட்டுல இருந்து வந்தது. முதல் ஆளுக்குப் பேரே எழுதலை. ‘படகுக்காரர் மனைவி’ன்னு மட்டும் போட்டிருக்காங்க.

— அவதான். இங்கேதான் இருக்காளா... கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன். அந்த ரெண்டாவது ஆள் யாரு?

— ‘படகுக்காரர் மகள். வயது ஒரு மணி நேரம்.’